நான்கு சுற்று வரை

இரவு இரண்டே காலுக்கு
கூலிங் டவரின் அடித்தொட்டியில்
குடுவையை முக்கி எடுக்கிறேன்.
வெதுவெதுப்பு. விரலிடுக்கில் லேசான வழுவழுப்பு.
மேலே விசிறி சுற்றச் சுற்ற
ஆவி கிழக்கே போகிறது, உப்பனாற்றுப் பக்கம்.

ஆவி எப்போதும் தனியாகத்தான் போகும்.
கூட வந்த சுண்ணாம்பை, சிலிக்காவை,
ஈச்சங்காட்டு போர்வெல்லின் மொத்த உப்பையும்
இங்கேயே போட்டுவிட்டு,
வாடகை பாக்கியோடு
ராத்திரியில் வீட்டைக் காலி செய்பவனைப் போல.

மிஞ்சியவை நெருக்கி உட்காருகின்றன.
ஒரு பங்கு உப்பு இரண்டாகும், மூன்றாகும்.
நான்கு சுற்று வரை தாங்கும் என்று
பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது.
நான்கரை என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

ஆய்வகத்தில் பஃபர் ஊற்றியதும்
அமோனியா மூக்கில் ஏறுகிறது.
ஒரு சிட்டிகை கறுப்புத் தூள்.
தண்ணீரில் நாவல்பழக் கறை.
ப்யூரெட்டைத் திருகி, சொட்டுச் சொட்டாக,
பதினெட்டு, பத்தொன்பது,
சிவப்பு தயங்குகிறது,
இன்னும் ஒன்று,
நீலம்.
அந்த ஒரு சொட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சர்க்கரை சூட்டில் கரையும். சமையல் உப்பும் கரையும்.
சுண்ணாம்புக்கு மட்டும் புத்தி தலைகீழ்.
சூடு பட்டால் தண்ணீரை உதறிவிட்டு
குழாய்ச் சுவரைக் கட்டிக்கொள்ளும்.
முட்டை ஓட்டுக் கனம் சேர்ந்தால் போதும்,
கண்டென்சருக்கு மூச்சு வாங்கும்.

அதைத் தடுக்கும் மருந்து
சுண்ணாம்பைக் கொல்வதில்லை, வெளியேற்றுவதும் இல்லை.
ஒன்றோடொன்று கைகோக்க வரும் வரிசையில்
நாலு பேர் கையைக் கொடுக்காமல் நின்றால்
என்ன ஆகுமோ, அதுதான்.
லிட்டருக்குச் சில மில்லிகிராம்.

மாசி மாத ஷட்டவுனில்
மணவாளன் குழாயைத் தட்டினார்.
வெள்ளையாக ஒரு வளையம் உருண்டு வந்து
என் செருப்பில் மோதி நின்றது.
"இதுக்கா மேடம் தினமும் டாக்டர் மாதிரி டெஸ்ட் பண்றீங்க?"

டோசிங் பம்ப் பதினோரு நாள்
காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
பச்சை விளக்கு எரிந்தது.
டக் டக்கென்று ஓசையும் கேட்டது.
பதினோரு நாளும் 'சரி' என்று கையெழுத்திட்டவள் நான்.
சொட்டின் நீலத்தைக் கூட
பம்ப்செட்டில் ஏதோ கோளாறு, நாளைக்குச் சரியாகும் என்று
பதினெட்டாகவே எழுதினேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

வளையம் மேசையில் இருக்கிறது.
லாக்ஷீட் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன்.

போன வாரம் சேதராப்பட்டிலிருந்து
அருள்ராயன் என்றொருவர் வந்தார்,
பெட்டி நிறையக் காந்தங்களோடு.
"மருந்தே வேணாம் மேடம். இதைக் குழாய்ல மாட்டினாப் போதும்,
தண்ணி மனசு மாறிடும்."
வளையத்தை எடுத்து அவர் காந்தத்தருகில் வைத்தேன்.
ஒட்டவில்லை. ஒட்டாது என்று இருவருக்குமே தெரியும்.
அது எதையும் நிரூபிக்காது என்பதும் தெரியும்.
டீ வந்தது. பாதி குடித்துவிட்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"வீட்ல ஷவர் பூரா வெள்ளையா அடைச்சிடுச்சு.
என்ன பண்றது?"
ராத்திரி வினிகரில் ஊறப்போடச் சொன்னேன்.
சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

நாலு புள்ளி மூன்று.
ப்ளோடவுன் வால்வைத் திறக்கிறேன்.
உப்பேறிய தண்ணீர் இருட்டுக்குள் இரைகிறது.
அது போய்ச் சேரும் இடத்துக்கும்
ஒரு பதிவேடு உண்டு,
அதில் வேறொருவர் 'சரி' எழுதுவார்.

பிறகு டோசிங் அறை.
பச்சை விளக்கை இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.
உறிஞ்சு குழாயை இரு விரலால் பிடித்து
மருந்து நகரும் துடிப்புக்காக நிற்கிறேன்.
ஒன்று.
நீண்ட இடைவெளி.

வாசலில் மணவாளன்: "ஓடுது மேடம், சத்தம் கேக்குதுல்ல?"

இருங்கள், என்கிறேன்.
இன்னொன்று வரட்டும்.